ஏலா என்று கூப்பிட்ட ஊர்

அன்புள்ள முத்து,

நாங்கள் தூத்துக்குடி வந்து சேர்ந்து இன்றோடு ஒன்பது நாள். ஒன்பது நாளும் போனை எடுத்ததும் நீ முதலில் சொல்வது "சாரிம்மா" என்பதுதான். அதைத் தாண்டிப் பேச்சு நகரவே மாட்டேன் என்கிறது. கிரேக்க நாட்டுக்கு நம் மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தாய், மூன்று கட்டில் போட்ட வீடாகப் பார்த்துப் பிடித்தாய், கடைசி நேரத்தில் ஆபீஸ் வேலை வந்து நீ மட்டும் மியூனிக்கிலேயே நின்றுவிட்டாய். நடக்கிறதுதானே. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் எத்தனை தீபாவளிக்கு வீட்டில் இருந்தார் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத்தில் என்றால் நீ குறுக்கே புகுந்து சாரி சொல்ல முடியாது பார்.

அப்பா எடுத்த போட்டோக்களை நீ பார்த்திருப்பாய். பாதிக்கு மேல் அவர் விரல்தான் தெரிகிறது. எனவே நான் சொல்வதைக் கேள்.

ஏதென்ஸில் இருந்து கலமாத்தாவுக்குப் பஸ்ஸில் மூன்று மணி நேரம். கிளம்பியதில் இருந்தே அப்பா கொரிந்து கால்வாயைப் பற்றிப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். ரோமச் சக்கரவர்த்தி நீரோ வெட்ட ஆரம்பித்தது, பாதியில் நின்றது, 1893-இல்தான் கப்பல் போனது, நீளம் ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அகலம் இருபத்துச் சொச்சம் மீட்டர், இன்றைய பெரிய கப்பல் எதுவும் அதில் நுழையாது என்று எல்லாம் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்துப் பஸ் அந்தப் பாலத்தின் மேல் ஏறியது. கண் மூடித் திறப்பதற்குள் இரண்டு பக்கமும் செங்குத்தாக வெட்டின பாறைச் சுவர், அடியில் நீலமாய் ஒரு கோடு. திரும்பிப் பார்த்தால் இவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறார். எழுப்புவதற்குள் போயே போய்விட்டது. திரும்பி வருகிறபோதும் இதே கதைதான். இதை யாரிடமும் சொல்லாதே என்றார். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

கலமாத்தாவில் இருந்து, நீ வீடு பிடித்த கர்தமீலிக்கு 35 கிலோமீட்டர்தான். ஆனால் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி இறங்க வேண்டியிருப்பதால் ஒரு மணி நேரம் பிடிக்கிறது. வளைவுக்கு வளைவு ரோட்டோரத்தில் புறாக்கூண்டு அளவுக்கு ஒரு சின்னக் கோயில், கம்பி மேல் நிறுத்தி, உள்ளே ஒரு படமும் எண்ணெய் விளக்குமாய். விபத்தில் செத்தவர்களுக்காகவும் வைப்பார்களாம், தப்பித்தவர்கள் நன்றிக்காகவும் வைப்பார்களாம். எந்தக் கூண்டு எதற்கு என்று பார்த்தால் தெரியாது. பஸ்ஸில் இருந்த கிழவிகள் ஒவ்வொரு கோயிலைத் தாண்டும்போதும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மூன்றாவது வளைவில் இருந்து நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். டிரைவர் ஓட்டின லட்சணம் அப்படி.

ஊரில் இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு, நீ அனுப்பின மேப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். பின்னால் இருந்து ஒரு பொம்பளைக் குரல்: "ஏலா! ஏலா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் பக்கம் ஆண்பிள்ளையை "ஏலே" என்போம், பெண்பிள்ளையை "ஏளா" என்போம். கல்யாணமாகி வந்த பிறகு என்னை அப்படிக் கூப்பிட்டது உன் ஆச்சி ஒருத்திதான். அவளும் போய்ப் பதினோரு வருஷம். திரும்பிப் பார்த்தால் கறுப்புப் பாவாடையும் கறுப்புச் சட்டையுமாய் ஒரு குள்ள அம்மாள், எழுபது வயசு இருக்கும், கையை ஆட்டிக் கூப்பிடுகிறாள். கிரேக்கத்தில் "ஏலா" என்றால் "வா" என்று அர்த்தமாம். போனை எடுத்தாலும் ஹலோவுக்குப் பதில் "ஏலா"தான். பத்து நாளும் தெருவில் யார் யாரையோ ஏலா, ஏலா என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நான் திரும்பினேன்.

அவள்தான் வீட்டுக்காரி. பெயரைச் சொல்லாமல் "கிரியா" என்றே கூப்பிட்டேன். நாம் "அம்மா" என்று மரியாதையாகக் கூப்பிடுகிற மாதிரி அது. மேல் வீடு நமக்கு, கீழ் வீட்டில் அவள் மட்டும். மூன்றாவது கட்டிலைப் பார்த்து "யாருக்கு?" என்று சைகையில் கேட்டாள். "மகன், வரவில்லை" என்றார் அப்பா. அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கட்டிலின் மேல் துவைத்த துணிகளை மடித்து வைத்துக்கொள்ளச் சொல்லிக் கையால் காட்டினாள்.

ஊரைச் சொல்ல வேண்டும் அல்லவா. ஒரே ஒரு ரோடு. அதன் இரண்டு பக்கமும் கல் வீடுகள், நாலைந்து கடை, சில நூறு சனம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தாயிகெத்தோஸ் மலை. 2400 மீட்டருக்கு மேல் உயரம். ஊர்க்காரர்கள் அதற்கு ஐந்து விரல் மலை என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் இறங்கினால் ஸ்பார்ட்டா. நமக்குச் சூரியன் கடலில் இருந்து வருவதுதானே வழக்கம். அங்கே காலையில் வெளிச்சம் முதலில் எதிர்க்கரையில் விழும், அப்புறம் வளைகுடா நடுவில், கடைசியில்தான் நம் வாசலுக்கு. மலை மறைத்துக்கொண்டு நிற்பதால் அப்படி. விடிந்து வெகுநேரம் வரை நிழலில் காபி குடிக்கலாம். சாயங்காலம் அதே எதிர்க்கரைக்குப் பின்னால் சூரியன் இறங்கும். எனக்குப் பத்து நாளும் திசை குழம்பியே இருந்தது. கிழக்கே பார்த்துக் கும்பிட்டால் மலையைக் கும்பிட்ட மாதிரி இருந்தது. பரவாயில்லை, மலையும் சாமிதானே.

கடல் என்றால் நம் கடல் மாதிரி இரைச்சல் கிடையாது. அலை வந்து கூழாங்கல்லை உருட்டிவிட்டுப் போகும், அவ்வளவுதான். ஏற்ற இறக்கம் கண்ணுக்கே தெரியாது. மணல் இல்லை, முழுக்க வெள்ளைக் கல். செருப்பில்லாமல் நடக்க முடியாது என்று நீ சொன்னது சரி, ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்ததற்கு உன்னை மெச்சிக்கொண்டேன். அப்பா தினமும் காலையும் மாலையும் நீந்தினார். கரையில் இருந்து பார்க்கிற தூரத்தில் ஒரு சின்னத் தீவு, பாழடைந்த மதில் ஒன்று அதன்மேல். நாளைக்கு அதுவரை போய்விட்டு வருவேன் என்று பத்து நாளும் சொன்னார்.

இனிமேல் சின்ன விஷயங்கள். கழிப்பறையில் காகிதத்தைப் போடக் கூடாது, பக்கத்துத் தொட்டியில்தான் போட வேண்டும். குழாய் குறுகலாம். இதை கிரியா எங்களுக்கு நடித்துக் காட்டியதை எழுதி விளக்க முடியாது. மத்தியானம் மூன்றில் இருந்து ஐந்தரை வரை ஊரே உறங்கும். அந்த நேரத்தில் கதவைச் சத்தமாகச் சாத்தினால் கூடக் குற்றம். அப்புறம் "நே" என்றால் "ஆமாம்". இது எத்தனை குழப்பம் தெரியுமா. ஆனால் "இல்லை" என்பதற்கு அவர்கள் வாயைத் திறப்பதே இல்லை. தலையை மேலே தூக்கி, நாக்கால் "ச்ச்" என்று ஒரு சத்தம். நம் ஊரில் "பஸ் வந்துட்டா?" என்றால் செய்வோமே, அதே சத்தம், அதே தலை. வெள்ளைக்காரப் பயணிகள் அது புரியாமல் மறுபடி மறுபடிக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். எனக்கு முதல் நாளே புரிந்துவிட்டது.

சாப்பாட்டுக் கதைக்கு வருகிறேன். போனது புரட்டாசியில் என்பது உனக்கு டிக்கெட் எடுக்கும்போது நினைவில்லை. அப்பாவுக்கும் நினைவில்லை, அங்கே போய்க் காலண்டர் பார்த்தபோதுதான் முகம் வாடிவிட்டது. ஆட்டுக்கறியும் மீனும் பேர் போன நாட்டில் பத்து நாளும் ரொட்டியும் தக்காளியும்தான் என்று நினைத்தார். நான் கிரியாவிடம் கைகூப்பிக் காட்டி, சாமி, இவருக்கு இந்த மாசம் கறி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நிஸ்தியா!" என்றாள். விரதம். அவர்களுக்கும் புதனும் வெள்ளியும் விரதம், ஈஸ்டருக்கு முன்னால் பல வாரம் விரதம், வருஷத்தில் பாதி நாள் விரதம் போலிருக்கிறது. விரதச் சமையல் என்றே தனியாக ஒரு வகை வைத்திருக்கிறார்கள். எல்லாம் எண்ணெயில் வேக வைத்தது, ஆலிவ் எண்ணெயை நாம் நல்லெண்ணெய் ஊற்றுகிற மாதிரி ஊற்றுகிறார்கள்.

அன்று ராத்திரியே ஒரு தட்டு மேலே வந்தது. மஞ்சள் பட்டாணிப் பருப்பை வேக வைத்துக் கடைந்து, மேலே வெங்காயமும் எண்ணெயும். அச்சு அசல் நம் பருப்புக் கடைசல், தாளிதம் மட்டும் இல்லை. இன்னொரு நாள் பெரிய வெள்ளை மொச்சை, தக்காளியில் வெந்தது. இன்னொரு நாள் ஒரு கீரை, வேக வைத்துப் பிழிந்து எலுமிச்சம்பழம் விட்டது. தண்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்து, கொல்லையில் காட்டச் சொன்னேன். குப்பைக்கீரை முத்து! நம் வீட்டுக் கிணற்றடியில் தானாக முளைத்து, நான் ஆட்டுக்குக் கொடுக்கிறேனே, அதுவேதான். பக்கத்திலேயே பருப்புக்கீரை தரையோடு படர்ந்து கிடந்தது. அதை அவர்கள் பச்சையாகத் தக்காளியோடு தின்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை அன்று தான் கெட்டது. விரத நாள் என்பதால் சிறப்பாகச் சமைத்திருக்கிறேன் என்று கிரியா மூடி போட்ட பாத்திரத்தோடு வந்தாள். அப்பா ஆவலாக மூடியைத் திறந்தார். உள்ளே பேய்க்கணவாய். எட்டுக் காலும் உறிஞ்சு வட்டங்களுமாய், வைன் விட்டு வேக வைத்தது. அவர் நாற்காலியோடு இரண்டடி பின்னால் போனார். விஷயம் என்னவென்றால், ரத்தம் உள்ள பிராணிதான் அவர்களுக்கு விரதத்தில் கூடாது. கணவாய், பேய்க்கணவாய், இறால், சிப்பி எல்லாம் ரத்தம் இல்லாத கணக்கில் வருமாம். மீன் ஆகாது, பேய்க்கணவாய் ஆகும். நானும் அப்பாவும் ராத்திரி வெகுநேரம் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசிச் சிரித்தோம். பாத்திரத்தைத் திருப்பி அனுப்ப முடியாதே, நான் தின்றேன். எனக்குச் சனிக்கிழமை மட்டும்தான் விரதம் என்பது உனக்குத் தெரியும். நல்லா இருந்தது.

ஒரு நாள் மட்டும் நான் ஏமாந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கடலோரத்து ஓட்டல் ஒன்றில் சிவப்பு நகரை மீன் ஐஸில் அடுக்கியிருந்தது. நம் ஊரில் சாதாரண மீன்தானே என்று நாலு எடுக்கச் சொன்னேன். அட்டையில் போட்டிருந்த விலை ஒரு கிலோவுக்கு என்பதைக் கவனிக்கவில்லை, ஒரு தட்டுக்கு என்று நினைத்துவிட்டேன். பில் வந்ததும் அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "புரட்டாசியைக் கும்பிட்டிருந்தால் மிச்சம்" என்றார்.

பழைய கர்தமீலி என்று ஒரு பகுதி கொஞ்சம் மேட்டில் இருக்கிறது. மதில் சூழ்ந்த நாலைந்து கட்டிடம், ஒரு கோயில், ஒரு கோபுர வீடு. இந்த மானிப் பகுதி முழுக்கவே கோபுர வீடுகள்தான். குடும்பத்துக்குக் குடும்பம் பகை, பழிக்குப் பழி. பக்கத்து வீட்டுக்காரன் கோபுரத்தைவிட ஒரு வரிசை கல் உயர்த்திக் கட்டினால் அவன் கூரையை உடைக்கலாம் என்பதற்காகவே கட்டியது. இந்தக் கோபுரத்தில்தான் 1821 ஜனவரியில் கொலோகொத்ரோனிஸ் என்ற தளபதி வந்து தங்கினாராம். துருக்கிய ஆட்சிக்கு எதிராக மார்ச்சில் மானிக்காரர்கள் கிளம்பி, 23-ஆம் தேதி கலமாத்தாவைப் பிடித்தார்கள். சுதந்திரப் போரை ஆரம்பித்து வைத்தது நாங்கள்தான் என்பதில் அவர்களுக்கு இன்றும் ஒரு நெஞ்சு நிமிர்த்தல் உண்டு. நம் ஊர்ப் பக்கம் கட்டபொம்மன் பேச்சு வந்தால் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்களே, அந்த மாதிரி.

அங்கே கேள்விப்பட்ட ஒன்று மனசில் நின்றது. மானியில் அந்தக் காலத்தில் ஆண்பிள்ளையைப் பிள்ளை என்று சொல்ல மாட்டார்களாம், துப்பாக்கி என்பார்களாம். உனக்கு எத்தனை துப்பாக்கி என்றுதான் கேட்பார்களாம். கிரியாவிடம் கேட்டேன், ஆமாம் என்று சிரித்தாள். "என் துப்பாக்கி மெல்போர்னில்" என்றாள்.

கோபுரத்தைத் தாண்டி மேலே போகிற பாதை கழுதைகளுக்காகக் கல் பாவியது. கொஞ்சத் தூரத்தில் பாறையில் குடைந்த பழைய கல்லறை. காஸ்டர், பொலக்ஸ் என்ற இரட்டையர்களுடையது என்று சொல்கிறார்கள். மிதுன ராசி நட்சத்திரமாக இருப்பவர்கள் அவர்கள்தான். ஒருவனுக்குச் சாவு உண்டு, மற்றவனுக்குச் சாவு கிடையாது. அண்ணன் தம்பியைப் பிரிய மாட்டேன் என்று தன் ஆயுளில் பாதியைக் கொடுத்தானாம், அதனால் ஒரு நாள் பாதாளம், ஒரு நாள் மேலுலகம் என்று வாழ்கிறார்களாம். என் முட்டி அதற்குமேல் வரமாட்டேன் என்றது. நான் அங்கேயே கல்லில் உட்கார்ந்துகொண்டேன். அப்பா வீரோஸ் பள்ளத்தாக்கைப் பார்க்க மேலே ஏறினார். பக்கத்தில் ஓர் ஆட்டு மணி, வாசத்துக்குக் கற்பூரவள்ளியைச் சேர்ந்த என்னமோ செடி, கீழே கடல். ஹோமர் காவியத்தில் அகமெம்னான், கோபித்துக்கொண்டு போன அக்கிலீஸைச் சமாதானப்படுத்த ஏழு ஊர்கள் தருகிறேன் என்கிறான் அல்லவா, அதில் இந்தக் கர்தமீலியும் ஒன்று என்று அப்பா போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். இத்தனை ஆயிரம் வருஷமாக அதே பெயர். கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம் அந்த மனுஷன்.

பேட்ரிக் லீ ஃபெர்மர் என்ற இங்கிலாந்து எழுத்தாளர் வீட்டையும் போய்ப் பார்த்தோம். ஊருக்குத் தெற்கே கலமீத்சி என்ற இடத்தில், 1960-களில் தானே கல் கல்லாய்ப் பார்த்துக் கட்டிக்கொண்டது. பதினெட்டு வயதில் ஹாலந்தில் இருந்து இஸ்தான்புல் வரை நடந்தே வந்தவர், போர்க்காலத்தில் கிரீட் தீவில் ஜெர்மன் தளபதி ஒருவரையே கடத்தியவர். உலகம் எல்லாம் சுற்றிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார். 2011-இல் அவர் இறந்த பிறகு வீடு பெனாக்கி அருங்காட்சியகத்துக்குப் போனது. அப்பா புத்தக அலமாரிகளைப் பார்த்து மயங்கி நின்றார். எனக்குப் பிடித்தது முற்றம்தான். தரையில் கூழாங்கல் பதித்திருக்கிறார்கள், மழை பெய்தால் கழுவி விட்டுக்கொண்டு தானே போய்விடும்.

தீரோஸ் குகைக்கு ஒரு நாள் டாக்சி வைத்துப் போனோம். தட்டையான படகில் ஏற்றி, ஒரு கிலோமீட்டருக்கும் மேல் மலையின் வயிற்றுக்குள் கூட்டிப்போகிறார்கள். படகோட்டி சொல்கிற இடத்தில் தலையைக் குனியாவிட்டால் மண்டை போய்விடும். பக்கத்துக் குகை ஒன்றில் சில வருஷத்துக்கு முன் இரண்டு எலும்புக்கூடுகள் எடுத்திருக்கிறார்கள், ஓர் ஆணும் பெண்ணும், கட்டிப் பிடித்தபடி புதைத்தது. கிட்டத்தட்ட ஆறாயிரம் வருஷப் பழசு. அப்பா அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "என்னைப் பார்க்காதீங்க, நீங்க குறட்டை விடுவீங்க" என்றேன்.

இதைவிட நான் உனக்குச் சொல்ல நினைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. கிரியாவின் பெரியம்மா மகள் செத்து நாற்பதாம் நாள். கோயிலுக்கு எங்களையும் கூட்டிப் போனாள். பூசை முடிந்ததும் எல்லோருக்கும் ஒரு காகிதப் பையில் கொடுத்தார்கள்: வேக வைத்த கோதுமை, சர்க்கரை, மாதுளை முத்து, பாதாம். கோலிவா என்று பெயர். நாற்பதாம் நாளுக்கு நம் வீட்டில் என்ன செய்வோமோ அந்த மாதிரித்தான். அப்பா இரண்டு பை வாங்கிக்கொண்டார், புரட்டாசிக்கு ஒத்துவருகிற முதல் இனிப்பு அது.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்திருக்கும்போது, இங்கே ஒப்பாரி பாட மாட்டார்களா என்று கேட்டேன். ஒப்பாரிக்கு இங்கிலீஷ் தெரியாமல், நெஞ்சில் அடித்துக்கொண்டு, இரண்டு வரி எங்கள் அம்மா பாட்டை இழுத்துக் காட்டினேன். கிரியாவுக்கும் பக்கத்தில் இருந்த இரண்டு கிழவிகளுக்கும் உடனே புரிந்துவிட்டது. "மிரொலோகியா" என்றார்கள். மானிதான் அதற்குப் பேர் போன இடமாம். எழவு வீட்டில் உட்கார்ந்து பெண்கள் அப்போதைக்கு அப்போதே கட்டிப் பாடுவது. செத்தவன் யார், யார் கொன்றது, யார் பழி தீர்க்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பாட்டிலேயே வந்துவிடுமாம். கிரியாவின் பாட்டிக்கு நன்றாக வருமாம். அம்மாவுக்குப் பாதி. இவளுக்கு நாலு வரி. மகளே இல்லை. நம் வீட்டிலும் அதே கணக்குத்தான் என்று நான் விரலைக் காட்டிச் சொன்னேன். ஆச்சிக்கு முழுசும், அம்மாவுக்குப் பாதி, எனக்கு இந்த இரண்டு வரி. உனக்கு? சரி விடு.

எட்டாம் நாள் காலையில் கிரியா ஒரு தகர டப்பாவும் இரண்டு கரண்டியும் எடுத்துக்கொண்டு "ஏலா" என்றாள். கடலோரப் பாறைகளுக்குப் போனோம். பாறை முழுக்கக் குண்டும் குழியுமாய் இருக்கும். வைகாசி, ஆனியில் காற்றடிக்கிற போது அலை தெறித்துக் குழிகள் நிரம்பிவிடும். அப்புறம் கோடை வெயிலில் தண்ணீர் வற்றி, அடியில் உப்புப் பூத்துவிடும். அதைக் கரண்டியால் வழிக்கிறார்கள். பாத்தி இல்லை, வாய்க்கால் இல்லை, மோட்டார் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் தாத்தா உப்பளத்தில் முப்பது வருஷம் கணக்கப்பிள்ளை. தண்ணீரின் அடர்த்தி 25 டிகிரி வந்தால்தான் உப்பு இறங்கும் என்று கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்ப்பார், நான் பக்கத்தில் நிற்பேன். லாரி லாரியாய் உப்பு போகிற ஊரில் பிறந்துவிட்டு, இங்கே கரண்டியால் வழித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு குழியில் ஒரு கைப்பிடி தேறும்.

ஆனால் உப்பு நல்ல உப்பு. வாயில் போட்டதுமே தெரிந்தது, கசப்பே இல்லை. மேலாக மிதந்து படிகிறது அல்லவா, அந்தப் பொரிந்த ஏட்டை அவள் தனியாக எடுத்தாள். நானும் என் அப்பாவிடம் கற்றபடி, அடி மண் கலக்காமல் கரண்டியைச் சாய்த்து வழித்தேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டாள். சொன்னேன். அதற்குப் பிறகு என்னை விருந்தாளியாக நடத்தவில்லை, பெரிய குழிகளை எனக்கு விட்டுவிட்டாள்.

அங்கே உட்கார்ந்துதான் பேசினோம். அவள் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் சேர்ந்தால் ஒரு இங்கிலீஷ் தேறாது, ஆனாலும் பேசினோம். மகன் மெல்போர்னுக்குப் போய் இருபத்திரண்டு வருஷம். ஏழு மணி நேர வித்தியாசம், அக்டோபர் வந்தால் அங்கே கடிகாரத்தைத் திருப்பிவிடுவார்கள், எட்டாகிவிடும் என்றாள். அவன் எழும்போது இவள் படுப்பாள். அந்தக் கல்லறை அண்ணன் தம்பி மாதிரித்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வருஷம் அவனோடு போய் இருந்து பார்த்தாளாம். "அவன் வீட்டில் எல்லாம் இருக்கிறது, எனக்கு வேலைதான் இல்லை" என்றாள்.

முத்து, உன் வீட்டில் நான் இருந்தேனே, அப்போது எனக்குச் சொல்லத் தெரியாமல் இருந்தது இதுதான். நீ குறை வைக்கவில்லை. பாத்திரம் கழுவ மெஷின், துணிக்கு மெஷின், தரையைக் கூட்ட ஒரு வட்டத் தட்டு தானாக ஓடுகிறது. காலையில் நீ கிளம்பிய பிறகு நானும் அப்பாவும் அந்தத் தட்டு எந்த மூலையில் மாட்டிக்கொள்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

கிரியாவின் மகன் எல்லோரும் வருகிற ஆகஸ்டில் வருவதில்லை. ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் நவம்பரில், ஆலிவ் பறிக்கிற காலத்தில் வருகிறான். அவளுக்கு அறுபது மரம். மரத்தடியில் வலை விரித்து, கிளையை அடித்து உதிர்த்து, மூட்டை கட்டி, செக்குக்குக் கொண்டுபோய், எண்ணெயைத் தகர டின்னில் பிடித்து வருகிற வரை மூன்று வாரம். இடுப்பு பிடித்துக்கொள்ளும், அம்மாவும் மகனும் ஒரு தடவையாவது சண்டை போடுவார்கள், ஒரு நாள் பேசமாட்டார்கள். இதை எல்லாம் அவள் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னாள். இரண்டு டின் எண்ணெயைக் கட்டிக் கொடுத்து அனுப்புவாளாம்.

தூத்துக்குடி வீட்டை விற்றுவிட்டு என்னோடேயே வந்துவிடுங்களேன் என்று நீ ஜூலையில் அடுக்களையில் நின்றுகொண்டு கேட்டதற்கு இதோ பதில். வீட்டை விற்கப் போவதில்லை. மியூனிக்குக்கு நிரந்தரமாக வரவும் போவதில்லை. அப்பாவிடம் பேசிவிட்டேன், அவருக்கும் சம்மதம். அவர் சொல்லத் தயங்குவார், அதனால் நான் எழுதுகிறேன். 90 நாள் விசாவில் வந்து உன்னோடு இருப்போம், அதில் மாற்றம் இல்லை. உடம்புக்கு முடியாமல் போனால் அன்றைக்குப் பேசிக்கொள்வோம். இப்போது இருந்தே அதற்காக எந்தப் பேப்பரும் போடாதே.

நீ வருவதானால் இந்தத் தடவை டிசம்பர் லீவில் வராதே. வந்தால் கல்யாண வீடு, ஓட்டல், நண்பர்கள் என்று பத்து நாளும் ஓடிப்போகிறது. தையில் மழை விட்ட பிறகு வா. கிணறு தூர் வார வேண்டும். மொட்டை மாடியில் மேற்கு மூலையில் தட்டோடு பெயர்ந்து, மச்சில் ஒழுகுகிறது. கொத்தனாரை வைத்துச் செய்துவிடலாம், ஆனால் நின்று பார்க்க ஆள் வேண்டும். அப்பா நின்றால் கொத்தனாரோடு அரசியல் பேச ஆரம்பித்துவிடுவார்.

கிளம்புகிற அன்று கிரியா என் முகத்தைப் பிடித்துக்கொண்டு "ஃப்தூ ஃப்தூ ஃப்தூ" என்று மூன்று தடவை துப்பினாள், துப்பாமல் துப்புகிற மாதிரி. அப்பா பதறிப்போனார். கண்ணேறு படாமல் இருக்கத்தான் என்று எனக்குத் தெரியாதா. நானும் அவளை நிற்க வைத்து, பையில் இருந்த உப்பையே ஒரு கைப்பிடி எடுத்து, மூன்று சுற்றுச் சுற்றிக் கடலில் போட்டேன். உனக்காகக் கொண்டுவந்து நீ தின்னாமல் மிச்சம் வைத்த மக்ரூன் டப்பாவையும் அவளுக்குக் கொடுத்துவிட்டேன். நீ கேட்காதே.

உப்பில் பாதியை உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த மாசம் அங்கே வருகிற ஆள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். துணிப் பையிலேயே வை, பிளாஸ்டிக்கில் போட்டால் கசிந்துவிடும். குழம்புக்குப் போட்டு வீணாக்காதே, தயிர் சாதத்தின் மேல் கடைசியில் தூவு. நம் உப்பைவிடக் கரிப்பு அதிகம், கொஞ்சமாகப் போட்டுப் பார்.

அம்மா